அயோர்டிக் ஸ்டெனோசிஸ்: எம்ஆர்ஐயில் தெரியும் நடுச்சுவர்த் தழும்பை நம்பலாமா?

கேள்வி (ரிப்போர்ட்_ரூம்)

67 வயது ஆண், 60 கிலோ, அயோர்டிக் ஸ்டெனோசிஸ் (இதயத்திலிருந்து ரத்தம் வெளியேறும் வால்வு குறுகுவது). எக்கோவில் வால்வு பரப்பு 0.8 சதுர செ.மீ., மீன் கிரேடியன்ட் (வால்வின் இருபுறமும் உள்ள சராசரி அழுத்த வேறுபாடு) 46 மி.மீ. பாதரசம், இஎஃப் (ஒவ்வொரு துடிப்பிலும் வெளியேறும் ரத்தத்தின் பங்கு) 62%. அறிகுறி ஏதும் இல்லை. 1.5 டெஸ்லாவில் எடுத்த எல்ஜிஇ (காடோலினிய மருந்து செலுத்திச் சற்றுப் பொறுத்து எடுப்பது, தழும்பு வெள்ளையாகத் தெரியும்) படத்தில், இடது வென்ட்ரிக்கிளின் அடிப்பகுதி இன்ஃபெரோலேட்டரல் (கீழ்-பக்கவாட்டு) சுவரின் நடு அடுக்கில் மெல்லிய வெள்ளைக் கோடு. செப்டமும் (இரு வென்ட்ரிக்கிள்களைப் பிரிக்கும் சுவர்) வலது வென்ட்ரிக்கிளும் சேரும் இடத்திலும் ஒரு புள்ளி. இரண்டையுமே தழும்பு என்று எழுதலாமா? இசிவி (தசையில் செல்களுக்கு வெளியே உள்ள இடத்தின் சதவீதம்) எவ்வளவு வரும்? டி1 (திசுவின் காந்தமாக்கல் மீள எடுக்கும் நேரம், மில்லிவினாடியில்) அளவுகள்: காடோலினியத்துக்கு முன் தசை 1010, ரத்தம் 1580, 15 நிமிடம் கழித்துத் தசை 450, ரத்தம் 310. ஹெமட்டோகிரிட் (ரத்தத்தில் சிவப்பணுக்களின் பங்கு) 38%.

ஸ்கேன்_கன்சோல்

முதலில் அந்தக் கோடு நிஜமா என்று பாருங்கள். ஷார்ட் ஆக்ஸிஸில் (இதயத்தின் குறுக்குவெட்டு) தெரிவது அதே இடத்தில் லாங் ஆக்ஸிஸிலும் (நெடுக்குவெட்டு) தெரிய வேண்டும். ஃபேஸ் என்கோடிங் திசையை (படத்தில் அசைவின் போலி நிழல் பரவும் திசை) மாற்றி எடுத்த பிறகும் அசையாமல் நின்றால் தழும்பு. இடம் மாறினாலோ மறைந்தாலோ ஆர்ட்டிஃபாக்ட் (படமெடுப்பதில் வரும் போலித் தோற்றம்). முதுகுத்தண்டு நீரின் கோஸ்ட் (போலி நிழல்) இதயச் சுவர்மேல் விழுந்து பலரை ஏமாற்றியிருக்கிறது.

செப்டம் சேரும் இடத்துப் புள்ளியை மட்டும் வைத்து நடுச்சுவர்த் தழும்பு (சுவரின் நடு அடுக்கில் உள்ளது) என்று எழுதாதீர்கள். வலது வென்ட்ரிக்கிளில் அழுத்தம் கூடினாலும் அது வரும், பிரச்சினை இல்லாதவர்களிடமும் வரும். தனி வரியாகக் குறிப்பிட்டால் போதும்.

மருந்து எவ்வளவு, எந்த நிமிடத்தில் எடுத்தது, டிஐ (நல்ல தசை கறுப்பாகத் தெரியும்படி பல்ஸுக்குப் பின் காத்திருக்கும் நேரம்) என்ன?

ரிப்போர்ட்_ரூம்

காடோபுட்ரால் (காடோலினிய மருந்து) 9 மி.லி. எல்ஜிஇ ஆறாவது நிமிடத்தில் தொடங்கி 14இல் முடிந்தது. டிஐ முழுக்க 260. பிஎஸ்ஐஆர் (டிஐ சற்றுத் தவறினாலும் தாங்கும் முறை) இல்லை, மேக்னிட்யூட் (சிக்னலின் குறியைப் பார்க்காத முறை) மட்டும்.

ஸ்கேன்_கன்சோல்

அளவு சரி: கிலோவுக்கு 0.15 மில்லிமோல். (காடோடெரேட் என்றால் இதே அளவுக்கு 18 மி.லி. வேண்டும்; செறிவு பாதிதான். மருந்து மாறும்போது இங்கேதான் தவறு நடக்கிறது.)

சிக்கல் நேரத்தில். ஆறாவது நிமிடத்தில் ரத்தம் இன்னும் பளிச்சென்று இருக்கும். எண்டோகார்டியத்தை (இதயத்தின் உள் படலம்) ஒட்டிய இன்ஃபார்க்ட் (மாரடைப்புத் தழும்பு) இருந்தால் அதோடு கலந்து மறைந்துவிடும். 10 நிமிடமாவது பொறுக்க வேண்டும். மருந்து வடிய வடிய, தசையைக் கறுப்பாக்கத் தேவையான டிஐ ஏறிக்கொண்டே போகும். 260லேயே விட்டால் கடைசி ஸ்லைஸ்களில் நல்ல தசையே சாம்பல் நிறமாகி, தழும்பின் எல்லை கலங்கும். டிஐ ஸ்கவுட்டை (சரியான டிஐயைத் தேடும் சிறு ஸ்கேன்) நடுவில் ஒருமுறை திரும்ப ஓட்டுங்கள். பிஎஸ்ஐஆர் இருந்தால் எப்போதும் அதையே எடுங்கள். உங்கள் கோடு எந்த நிமிடத்து ஸ்லைஸில் தெரிகிறது என்பதைப் பார்த்தே முடிவு சொல்ல முடியும்.

டி1_மேப்

இசிவி கணக்கு: தசைக்கு 1/450 − 1/1010 = 0.001232. ரத்தத்துக்கு 1/310 − 1/1580 = 0.002593. விகிதம் 0.475. இதை (1 − 0.38) ஆல் பெருக்கினால் 29.5%.

ஹெமட்டோகிரிட் ஸ்கேன் அன்றே எடுத்ததா? பழைய ரிப்போர்ட்டில் 42 இருந்து அதைப் போட்டிருந்தால் 27.6% வரும். ஒரே நோயாளி, ஒரே படம், இரண்டு விதமான முடிவு! ஊசிக்குழாய் போடும்போதே ரத்தம் எடுத்துவிடுங்கள். நார்மல் எல்லையை உங்கள் மெஷினிலேயே ஆரோக்கியமானவர்களை ஸ்கேன் செய்து வகுத்துக்கொள்ளுங்கள். 3 டெஸ்லாவின் டி1 எண்களை 1.5உடன் ஒப்பிடவே கூடாது. ஆர்ஓஐயை (அளக்கக் குறிக்கும் பகுதி) நடு அடுக்கில் வையுங்கள், ரத்தம் ஒட்டினால் எண் பொய்யாக ஏறும்.

எவ்வளவு முயன்றும் தசை கறுக்காமல், இசிவியும் 40ஐத் தாண்டினால் அமிலாய்டைத் (இதயத்தில் படியும் அசாதாரணப் புரதம்) தேடுங்கள். இந்த வயதில் ஸ்டெனோசிஸோடு அது சேர்ந்தே வரலாம். லைட் செயின் பரிசோதனையும் பைரோபாஸ்பேட் ஸ்கேனும் கேளுங்கள்.

வால்வு_ஓபி

கோடு நிஜம் என்றால் அதற்கு எடை உண்டு. பிரிட்டனில் ஆறு மையங்களில் வால்வு மாற்றவிருந்த 674 பேரைத் தொடர்ந்ததில் 51% பேருக்குத் தழும்பு இருந்தது. இறப்பும் அவர்களிடமே அதிகம். வால்வை மாற்றியபின் பரவலான ஃபைப்ரோசிஸ் (தசையெங்கும் நார்த்திசு கூடுவது) குறைகிறது; ஆனால் தசைச் செல்களும் சுருங்குவதால் இசிவி சதவீதம் மட்டும் அதைக் காட்டாது, இசிவியைத் தசை அளவோடு பெருக்கிப் பார்க்க வேண்டும். எல்ஜிஇ தழும்போ அப்படியே நிற்கிறது.

அதற்காக 'தழும்பு இருக்கிறது, உடனே ஆபரேஷன்' என்று எழுதிவிடக் கூடாது. இதையே சோதித்த எவால்வ்ட் ஆய்வு 2024இல் வந்தது: அறிகுறி இல்லாத, நடுச்சுவர்த் தழும்புள்ள 224 பேர். முன்கூட்டியே வால்வு மாற்றியதால் இறப்பும் ஸ்டெனோசிஸுக்கான திடீர் அட்மிஷனும் சேர்ந்த முதன்மை முடிவு குறிப்பிடத்தக்க அளவு குறையவில்லை. ஆள் எண்ணிக்கை சிறியது, கேள்வி முடிந்துவிடவில்லை என்பது என் கருத்து. இவருக்கு முதலில் மேற்பார்வையோடு டிரெட்மில், கூடவே என்டி-ப்ரோபிஎன்பி (இதயத்தின் சுமையைக் காட்டும் ரத்தப் பரிசோதனை). 'அறிகுறி இல்லை' என்பது பல நேரம் நடையைக் குறைத்துக்கொண்டதால் வருவது. ரிப்போர்ட்டில் இடம், அடுக்கு, எத்தனை செக்மென்ட், இரண்டு தளத்தில் உறுதியானதா, இன்ஃபார்க்ட் வடிவமா இல்லையா, இவ்வளவும் எழுதுங்கள். வால்வை எப்போது மாற்றுவது என்பதை ஹார்ட் டீம் பார்த்துக்கொள்ளும்.