இன்ஸ்ட்ரக்ஷன் ஒன்றே, நேரம் மட்டும் ஏழு மடங்கு: ஏன்?

கேள்வி: 4096க்கு 4096 டபுள் (8 பைட் தசம எண்) அணியைக் கூட்டுகிறேன். வரிசையாகப் போனால் சட்டென்று முடிகிறது. நெடுவரிசையாகப் போனால் ஏழு மடங்கு நேரம். பெர்ஃப் ஸ்டாட்டில் (ப்ராசசர் செய்வதை எண்ணிக் காட்டும் லினக்ஸ் கருவி) இன்ஸ்ட்ரக்ஷன் எண்ணிக்கை ஏறத்தாழ ஒன்றுதான், சைக்கிள்தான் எகிறுகிறது. எட்டு ஈவென்ட்டை (எண்ண வேண்டிய நிகழ்வுகளை) ஒரே சமயத்தில் கேட்டேன். வரிக்கடைசியில் 50% என்று வருகிறதே, அது என்ன?

பதில் 1: ப்ராசசரில் ஈவென்ட்டை எண்ணும் கவுன்ட்டர்கள் விரல்விட்டு எண்ணும் அளவுதான். அதிகம் கேட்டால் கெர்னல் மாற்றி மாற்றி எண்ணி, மீதியைக் கணித்துச் சொல்லும். பாதி நேரமே எண்ணியது என்பதுதான் அந்த 50%. நான்கு நான்காகக் கேளுங்கள்.

பதில் 2: கேஷ் லைன் (மெமரியிலிருந்து ப்ராசசரின் வேகமான சிறு மெமரியான கேஷுக்கு ஒரே தடவையில் வரும் துண்டு) பெரும்பாலும் 64 பைட், அதாவது 8 டபுள். வரிசையில் ஒரு லைன் எட்டு எண்ணுக்கு உதவும். நெடுவரிசையில் ஒவ்வோர் அடியும் 32,768 பைட் தாண்டுகிறீர்கள். அந்த லைனுக்குத் திரும்பி வருவதற்குள் அது வெளியே போய்விடும். எட்டெட்டு நெடுவரிசையாகச் சேர்த்துக் கூட்டிப் பாருங்கள். அப்புறம் டிஎல்பி (மெமரிப் பக்கங்களின் முகவரிகளை வைத்திருக்கும் சிறு கேஷ்) மிஸ்ஸையும் எண்ணுங்கள், அதைத்தான் பலர் விட்டுவிடுகிறார்கள்.

கேட்டவர்: செய்தேன். சதவீதம் மறைந்துவிட்டது! எல்1 (முதல் நிலை கேஷ்) மிஸ் முன்பிருந்ததில் கிட்டத்தட்ட எட்டில் ஒன்று. ஆனாலும் வரிசை வேகம் வரவில்லை; டிஎல்பி மிஸ் இன்னமும் அதிகமாகவே இருக்கிறது. மெமரிப் பக்கம் 4 கேபி, ஒவ்வோர் அடியும் புதுப் பக்கம். சரி, அடுத்து 2 எம்பி பக்கங்களோடு ஓட்டுகிறேன்.