சிவிலைசேஷன் 6: பிடித்த நகரமும் வேண்டும், கோர்கோவின் கூட்டணியும் வேண்டும்

வணக்கம் நண்பர்களே. திருகோணமலையில் எனக்குத் தெரிந்து இந்த வியூக வீடியோ கேம் விளையாடும் ஆட்கள் இல்லை, அதனால் இங்கே கேட்கிறேன்.

கேதரிங் ஸ்டோர்ம் விரிவாக்கம், பிரின்ஸ் லெவல், ஸ்டாண்டர்ட் வேகம். நான் ரோம், தலைவர் டிராஜன். டர்ன் (ஆட்டச் சுற்று) 140 தாண்டிவிட்டது. மாசிடோனின் அலெக்சாண்டரை முதலில் கண்டித்து, 5 டர்ன் பொறுத்து, முறைப்படிதான் போர் அறிவித்தேன். எல்லையில் இரண்டு நகரங்கள் கைக்கு வந்தன. அதற்குள் கிரேக்கத் தலைவி கோர்கோவுடன் இருந்த ராணுவக் கூட்டணியின் 30 டர்ன் முடிந்தது. இப்போது நட்பு அறிவிப்புக்கே சம்மதிக்கிறாள் இல்லை.

பிடித்த நகரங்களிலும் லாயல்டி (மக்களின் விசுவாசம்) சரிகிறது. அலெக்சாண்டரின் பெல்லா நகரம் பக்கத்திலேயே இருப்பதால் அழுத்தம் அதிகம். ஒன்றில் விக்டரைக் கவர்னராக வைத்தேன், அது ஓரளவு நிற்கிறது. மற்றதில் படை நிறுத்தினேன், லிமிட்டானெய் என்ற கொள்கைக் கார்டு போட்டேன், மானுமெண்டும் வாங்கினேன். இன்னும் மைனஸ்தான். 1782இல் ஒரே வருடத்தில் ஆங்கிலேயர் டச்சுக்காரரிடம் பிடித்து, பிரெஞ்சுக்காரரிடம் பறிகொடுத்த துறைமுகம் எங்களுடையது. என் நகரத்துக்கும் அந்தக் கதி வரவேண்டாம்.

கோர்கோவுக்குத் தங்கமும் ஆடம்பரப் பொருளும் சும்மா கொடுத்துப் பார்த்தேன், அசையவில்லை. ஒரு நகரத்தைத் திருப்பிக் கொடுத்தால் கிரீவன்ஸ் (என் மீதான மனக்குறை) குறையும், சரி. ஆனால் சமாதானத்தில் எதையாவது விட்டுக்கொடுப்பவர்களைக் கோர்கோவுக்குப் பிடிக்காதே! அவளுடைய அஜெண்டாவே அதுதான்.

கூட்டணியைப் புதுப்பிக்க, ஒரு நகரத்தைக் கொடுத்துச் சமாதானம் செய்வதா, பெல்லாவையும் பிடித்துப் போரை முடிப்பதா?