லான்ட்றோவருக்கு எந்த ரயர்?

கொடிகாமத்தான்:
அப்பாவின் லான்ட்றோவர் சீரிஸ் 3, முன் பின் சில்லுகளின் அச்சுகளுக்கு இடையில் 109 அங்குலம். 7.50-16 (அகலம் 7.5, றிம் விட்டம் 16 அங்குலம்) ரயர் நாலும் பக்கச்சுவரில் வெடிப்பு விழுந்து கிடக்கின்றன. ஓட்டம் பெரும்பாலும் ஏ9 தார் றோட்டு, எப்பவாவது மணற்காடு. மண் ரயர் (சேற்றுக்கான பெரிய கட்டை ரயர்) போடலாமா அண்ணைமார்?

வல்லையான்:
வேண்டாம் தம்பி, இரைச்சலில் பக்கத்தில் இருப்பவரோடு கதைக்கவே ஏலாது. அதே அளவில் ரேடியல் (உள்நூல் ஒரு விளிம்பிலிருந்து மற்ற விளிம்புக்கு நேராக ஓடும் ரயர்) போதும். 235/85ஆர்16 என்ற ரேடியல் அளவும் உயரத்தில் கிட்டத்தட்ட அதேதான், ஆனால் அதற்கு 6 அங்குல அகல றிம்மாவது வேண்டும்.

மணற்காட்டான்:
பழைய றிம் என்றால் ரியூப் கட்டாயம். பக்கச்சுவரில் DOT என்று தொடங்கும் குறியீட்டின் கடைசி நாலு இலக்கத்தையும் பாருங்கோ, 2319 என்றால் 2019இன் 23ஆம் கிழமை செய்தது, கடையில் என்னவோ புதுசு மாதிரித்தான் மினுங்கும். மணலுக்குக் காற்றைக் குறைத்து இறங்குங்கோ, தாரில் ஏற முன் திரும்ப அடியுங்கோ.

கொடிகாமத்தான்:
சரி, இப்போதைக்கு முன்னுக்கு மட்டும் ரேடியல் போடட்டா?

வல்லையான்:
முன்னுக்கு ஒரு வகை, பின்னுக்கு ஒரு வகை என்று கலக்காதையும். நாலையும் மாற்றும்.