கித்தாரா மீட்டிப் பாடுபவருக்கு என்ன பெயர்?

> ‘சுரமண்டலக்காரர்’ என்றே இருக்கட்டுமே. வேதாகமத்தில் பழகிய சொல்தானே?

வணக்கம் ஐயா.

கித்தாரா என்ற பழைய கிரேக்க நரம்பு வாத்தியத்தை மீட்டிக்கொண்டே பாடுபவரைத் தமிழில் எப்படிப் பெயர்ப்பது என்பதுதான் பேச்சு. நீங்கள் சொல்வது பழகிய சொல்தான், மறுக்கவில்லை. வெளிப்படுத்தின விசேஷம் 14:2-ஐ ‘சுரமண்டலக்காரர் தங்கள் சுரமண்டலங்களை வாசிக்கிற ஓசை’ என்று கேட்டு வளர்ந்தவர்களுக்கு வேறு சொல் லேசில் ஏறாது. ஆனால் கிரேக்க மூலத்தில் இருப்பது ‘கித்தரோதோஸ்’. கித்தாராவோடு பாடகரைக் குறிக்கும் சொல் சேர்ந்து உண்டானது. வாசிக்க மட்டும் செய்பவருக்குக் கிரேக்கத்தில் ‘கித்தரிஸ்தேஸ்’ என்று தனிப்பெயர் உண்டு.

தெல்பியில் நடந்த பித்தியப் போட்டிகளில் ஆகப் பழையது கித்தாரா மீட்டிக்கொண்டே பாடும் போட்டிதான். பாட்டில்லாத வாசிப்பு பிற்பாடு சேர்ந்தது. ஏதென்ஸின் பானதெனையா விழாவில் இரண்டுக்கும் தனித்தனிப் பரிசு. கி.மு. 4ஆம் நூற்றாண்டுக் கல்வெட்டு ஒன்றின்படி, மீட்டிப் பாடுவதில் முதலிடம் பெற்றவருக்கு 1000 திராக்மா பெறுமான பொன் ஒலிவ முடி, அதற்கு மேல் 500 திராக்மா வெள்ளி. நீரோ மன்னன் மேடையேறத் துடித்ததும் இந்தக் கலைஞனாகத்தான்.

இப்போது வசனத்துக்கு வருவோம். அதில் ‘மீட்டுகிற’ என்ற வினை தனியாகவே இருக்கிறது. வாசிப்பை அது சொல்லிவிடுகிறது. பாட்டைச் சொல்வது பெயர்ச்சொல் மட்டும்தான். அடுத்த வசனத்தில் புதுப்பாட்டு வேறு வருகிறது. ‘சுரமண்டலக்காரர்’ என்றதும் இந்தப் பாட்டு கழன்றுவிடுகிறது.

ஒன்றை ஒப்புக்கொள்ள வேண்டும். படே குலாம் அலி கான் போன்ற இந்துஸ்தானிப் பாடகர்கள் சுரமண்டலத்தைத் தாமே வருடிக்கொண்டுதான் பாடினார்கள். அவர்களை நினைத்தால் பழைய சொல் அத்தனை மோசமில்லை. வாத்தியம்தான் ஒத்துவரவில்லை. சுரமண்டலம் தட்டைப் பெட்டி, கித்தாரா நிமிர்த்திப் பிடிப்பது. நியூயார்க் மெட்ரோபாலிட்டன் அருங்காட்சியகத்தில் கி.மு. 490 வாக்கில் செய்த ஒரு சாடி இருக்கிறது. அதில் ஓர் இளைஞன் கித்தாராவை உடம்போடு அணைத்து, தலையைப் பின்னால் சாய்த்து, வாய் திறந்து பாடுகிறான். நாம் பெயர் தேடுவது இந்த ஆளுக்குத்தான்.

> அப்படியானால் ‘யாழ்ப்பாணர்’. சங்க காலச் சொல், பொருத்தமும் அதுதான்.

பாதி சரி. பாண் என்றால் பாட்டு. பாணர் யாழை மீட்டித் தாமே பாடியவர்கள். இதைவிட நெருக்கமான சொல் தமிழில் கிடையாது. ஆனால் யாழில் நரம்புகள் நீளம் மாறி மாறி வரும். கித்தாராவில் பெட்டியிலிருந்து மேலே உள்ள குறுக்குச் சட்டம் வரை எல்லாம் ஏறக்குறைய ஒரே நீளம். அதைக்கூட விட்டுவிடலாம். ‘யாழ்ப்பாணர்களின் சத்தம் கேட்டேன்’ என்று அச்சிட்டால், படிக்கிறவர் மனம் யோவான் தரிசனம் கண்ட பத்மு தீவுக்குப் போகாது, நேரே பருத்தித்துறைக்குத்தான் போகும்!

> பாணர் வறியவர், ஊர் ஊராகப் போனவர். கிரேக்கத்தில் இவர்கள் பட்டாடை நட்சத்திரங்கள் ஆயிற்றே?

தொழிலுக்குத்தான் பெயர் வைக்கிறோம், வருமானத்துக்கு அல்ல. மருத்துவர் என்ற சொல் ஏழை மருத்துவருக்கும் பொருந்துகிறதே.

எனக்குப் படுவது ‘கித்தாரப் பாணர்’. வாசிப்பவர் ‘கித்தாரக் கலைஞர்’. கிட்டாரோடு குழம்பும் என்பார்கள். கிட்டார் என்ற பெயரே கித்தாராவிலிருந்து வந்ததுதான், குழம்பினாலும் உறவுக்குள்தான் குழம்பும். வேதாகமத்தில் மட்டும் ‘யாழ் மீட்டிப் பாடுவோர்’ என்று விரித்து எழுதலாம். சபையில் வாசிக்க அதுதான் சுகம்.

அப்புறம் ஒரு எச்சரிக்கை. இதே போக்கில், ஔலோஸ் என்ற கிரேக்கக் குழலின் இசைக்குப் பாடும் ‘ஔலோதோஸ்’ என்பதற்குக் ‘குழற்பாணர்’ என்று போட்டுவிடாதீர்கள். ஊதிக்கொண்டே பாட முடியாது. அங்கே ஊதுபவர் ஒருவர், பாடுபவர் வேறொருவர். ‘குழலிசைப் பாடகர்’ போதும். உண்மையில் ஔலோஸ் சீவாளி வைத்து ஊதும் வாத்தியம். வெளிப்படுத்தின விசேஷம் 18:22-இல் அதை ஊதுபவர்களை ‘நாகசுரக்காரர்’ என்று பெயர்த்தவருக்கு நல்ல காது. அந்தச் சொல்லில் கை வைக்க வேண்டாம் என்பது என் கருத்து.