மூன்றாம் விதியைச் செய்துகாட்ட வழி கூறுங்கள்

குழும உறுப்பினர்களுக்கு வணக்கம். நான் கிளிநொச்சியில் சாதாரண தர மாணவருக்கு விஞ்ஞானம் கற்பிக்கிறேன். நியூட்டன் 1687 இல் வெளியிட்ட இயக்க விதிகளில் மூன்றாவதிலேயே, அதாவது ஒவ்வொரு தாக்கத்துக்கும் சமமானதும் எதிரானதுமான மறுதாக்கம் உண்டு என்பதிலேயே, பிள்ளைகள் தடுமாறுகிறார்கள். நெல் ஏற்றிய பெட்டியை உழவு இயந்திரம் இழுக்கும்போது, பெட்டியும் அதே அளவு விசையால் இயந்திரத்தைப் பின்னோக்கி இழுக்கிறதென்றால் இரண்டும் எப்படி முன்னே நகர்கின்றன என்று ஒரு மாணவி கேட்டாள். மிக நல்ல கேள்வி அது.

அவ்விரு விசைகளும் வெவ்வேறு பொருள்களில் தாக்குவதால் ஒன்றையொன்று சமப்படுத்தமாட்டா என்பதையும், சில்லு நிலத்தைப் பின்னே தள்ள, நிலம் உராய்வின் மூலம் சில்லை முன்னே தள்ளுகிறது என்பதையும், அந்த விசை பெட்டியின் இழுவையையும் ஏனைய தடைகளையும் விஞ்சும்போதே இயந்திரம் ஆர்முடுகுகிறது (வேகம் கூடுகிறது) என்பதையும் விளக்கினேன். சேற்று வயலில் சில்லு வழுக்கிச் சுழல்வதைக் கண்டு வளர்ந்த பிள்ளைகளுக்கு உராய்வின் பங்கு உடனே விளங்கியது. முதற் கூற்றுத்தான் மனதில் பதியவில்லை.

இரண்டு விற்றராசுகளை (விசையை அளக்கும் சுருள்வில் தராசுகளை) ஒன்றோடொன்று கொளுவி இழுத்து, வாசிப்புகள் சமம் எனக் காட்டலாம். ஆயினும் அது அசையாத நிலைக்கு மட்டுமே உரியது என அவர்கள் எண்ணக்கூடும். ஆர்முடுகும்போதும் அவை சமமே என்பதைக் குறைந்த செலவில் செய்துகாட்டும் முறை அறிந்தவர்கள், தேவையான பொருள்களையும் அவற்றை ஒழுங்குபடுத்தும் விதத்தையும் தயவுசெய்து எழுதுங்கள்.