பார்வையாளர்கள் நடிக்க வந்தால் நொண்டிக் காட்டுகிறார்கள், உதவி தேவை

தேனி பக்கத்துக் கிராமங்களில் வீதி நாடகம் போடுகிறோம். பிரேசில் நாடக இயக்குநர் அகஸ்தோ போவால் வகுத்த முறை: சிக்கல் முற்றும் இடத்தில் நாடகம் நிற்கும், கூட்டத்திலிருந்து ஒருவர் வந்து பாதிக்கப்பட்டவரின் இடத்தில் நின்று வேறு வழியை நடித்துக் காட்டுவார். எங்கள் காட்சி டவுன் பஸ்ஸில் நடக்கிறது. ஊன்றுகோலோடு ஏறும் பெண்ணைக் கண்டக்டர் எல்லார் முன்னாலும் கேவலமாகப் பேசுகிறார். அந்தப் பெண்ணாக நடிப்பவர் நிஜத்திலும் ஊன்றுகோல் வைத்திருப்பவர்.

வருகிறவர்கள் முதலில் செய்வது நொண்டி நடப்பதுதான். கூட்டம் சிரிக்கிறது, அவர் ஓரமாக நின்று அதைப் பார்க்க வேண்டியிருக்கிறது. இது எனக்குத் தாங்கவில்லை.

நடையைப் போலச் செய்யாதீர்கள் என்று முன்கூட்டியே சொன்னோம், யாருமே எழுந்து வரவில்லை. சரி என்று அந்தப் பெண்ணை மாற்றாமல் கண்டக்டரை மாற்றச் சொன்னால், எல்லாரும் நல்ல கண்டக்டராகி 'பாவம், உட்காரும்மா' என்று முடித்துவிடுகிறார்கள், பரிதாபம்தான் மிஞ்சுகிறது. மாற்றுத்திறனாளியைப் பொது இடத்தில் வேண்டுமென்றே அவமதித்தால் 2016 மாற்றுத்திறனாளிகள் உரிமைகள் சட்டத்தின் 92ஆம் பிரிவில் சிறைத்தண்டனை உண்டு என்று வசனம் வைத்தோம், அப்புறம் அது பாடம் நடத்துவது போல ஆகிவிட்டது.

டிசம்பர் 3, மாற்றுத்திறனாளிகள் தினத்தில் அடுத்த நிகழ்ச்சி. அவர் தன் பாத்திரத்திலேயே இருக்க, பார்வையாளர்கள் உள்ளே வந்து அவரோடு சேர்ந்து கண்டக்டரை எதிர்க்கும்படி இந்தக் காட்சியை எப்படி அமைக்கலாம்?