முகத்துக்கு நூல் போட்டுத் தூக்குவது: தை மாசத்துக்குள் சரியாகுமா?

தையல்காரி, காவேரிப்பட்டணம்

வணக்கம். எனக்கு 51 வயது. சுகர் வந்த பிறகு சோற்றைக் குறைத்து, காலையில் நடந்து, உடம்பு நன்றாக இளைத்தது. சுகர் கட்டுக்குள் வந்ததில் சந்தோஷம்தான். ஆனால் முகமும் கூடவே தொங்கிப்போச்சு. தாடைக்கு இரண்டு பக்கமும் சதை இறங்கி நிற்கிறது. ப்ளவுஸ் அளவு கொடுக்க வருகிறவர்கள் எல்லாம் "உடம்புக்கு என்னக்கா?" என்று கேட்கிறார்கள். தை மாசம் மகனுக்குக் கல்யாணம். ஒசூரில் ஒரு கிளினிக்கில், கத்தி வைக்காமல் நூல் போட்டே இழுத்துவிடலாம், ஒரு மணி நேர வேலை, ஐந்து வருஷம் தாங்கும் என்றார்கள். அட்வான்ஸ் இன்னும் கொடுக்கவில்லை. போட்டுக்கொண்டவர்கள் யாராவது சொல்லுங்கள். இது போக, இரண்டு பக்கமும் கடைவாய்ப் பல்லும் இல்லை, கட்ட வேண்டும்.

ஒசூரிலிருந்து

அக்கா, நான் பெங்களூரில் போட்டுக்கொண்டவள். ஐந்து வருஷம் என்று சொன்ன இடத்துக்குத் திரும்பிப் போகாதீங்க. எனக்குப் போட்டது பிடிஓ நூல். ஆபரேஷனில் உள்தையல் போடுகிற அதே பொருள்தான். அது ஆறேழு மாசத்தில் உடம்புக்குள்ளேயே கரைந்துவிடும். அந்த இடத்தில் உண்டாகிற கொலாஜன், அதாவது தோலை இறுக்கமாக வைக்கிற புரதம், கொஞ்ச நாள் பிடித்து வைக்கும். எல்லாம் சேர்த்து ஒரு வருஷம், மிஞ்சினால் ஒன்றரை. பிஎல்எல்ஏ, பிசிஎல் என்று மெதுவாகக் கரைகிற நூலும் உண்டு. விலையும் அதற்கேற்ற மாதிரி ஏறும்.

கன்னப்பொட்டுப் பக்கம், முடி தொடங்குகிற இடத்தில் மரத்துப்போக ஊசி போட்டு, முனை மழுங்கின குழாய் வழியாக நூலை வாய் ஓரம் வரை விட்டார்கள். நூலில் பனைமட்டைக் கருக்கு மாதிரி பொடிப்பொடி முள் இருக்கும். அது சதையைக் கவ்விக்கொள்ளும். இழுக்கும்போது வலி இல்லை. ஆனால் காதுக்குள்ளேயே கறுக் கறுக்கென்று சத்தம் கேட்டது பாருங்க, எழுந்து ஓடிவிடலாமா என்று இருந்தது.

அப்புறம் கன்னம் நீலம் பாரித்து, இடது பக்கம் ஒரு குழி விழுந்தது. கொட்டாவி விட்டால் சுருக்கென்று இழுக்கும். மல்லாந்துதான் படுக்க வேண்டும், முகத்தைத் தேய்க்கக் கூடாது. மெல்ல முடியாத நாளில் நம்ம ஊர்க் களிதான் கை கொடுத்தது, முழுங்கினால் போதுமே. குழி போகப் போகச் சரியாகிவிட்டது. எனக்குத் தெரிந்த இன்னொருவருக்கு நூல் நுனி தோலுக்கு வெளியே எட்டிப் பார்த்து, அதை உருவி எடுத்தார்கள்.

முக்கியமான விஷயம் பல்தான். நூல் போட்டால் இரண்டு மூன்று வாரம் வாயை அகலத் திறக்கக் கூடாது, பல் டாக்டர் பக்கமே போகக் கூடாது. அதனால் முதலில் பல்லைக் கட்டுங்க.

பல் கிளினிக்கில் வேலை, தர்மபுரி

மேலே சொன்னதுதான் சரி. கடைவாய்ப் பல் போய் வருஷமானால் அந்த இடத்தில் தாடை எலும்பும் தேயும், கன்னத்துக்கு உள்ளே முட்டு இருக்காது. பல் கட்டினால் தொங்கல் போய்விடும் என்று சொல்ல மாட்டேன். சிலருக்குக் கன்னம் கொஞ்சம் நிரம்பித் தெரியும், அவ்வளவுதான். புதுப் பல் பழகவும் நாளாகும், இப்போதே ஆரம்பித்துவிடுங்க.

ஓய்வு பெற்ற செவிலியர், கிருஷ்ணகிரி

அம்மா, நூல் சதையைத் தூக்கும், மிச்சத் தோலை வெட்டி எடுக்காது. இளைத்ததால் தோல் ரொம்பத் தளர்ந்திருந்தால் காசுதான் போகும். அதற்கு ஆபரேஷன்தான் வழி. லேசான, நடுத்தரத் தொங்கலுக்குத்தான் நூல். உங்களுக்கு எது என்று தர்மபுரி மெடிக்கல் காலேஜ் ஆஸ்பத்திரியில் தோல் ஓபியில் காட்டிக் கேளுங்க. அங்கே யாரும் உங்களுக்கு நூல் விற்க மாட்டார்கள்.

போடுகிறவர் தோல் டாக்டரா, பிளாஸ்டிக் சர்ஜனா, மெடிக்கல் கவுன்சில் பதிவு எண் என்ன என்று கேட்கக் கூச்சப்படாதீங்க. மூன்று மாதச் சராசரிச் சுகரைப் பார்த்துவிட்டுப் போங்க, கூடியிருந்தால் சீழ் வைக்கிற ஆபத்து அதிகம். ரத்தம் உறையாமல் இருக்க மாத்திரை சாப்பிட்டால் நீங்களாக நிறுத்தாதீங்க, எழுதிக் கொடுத்த டாக்டரிடம் கேளுங்க. கல்யாணத்துக்கு ஒரு மாசம்கூட இல்லாத நேரத்தில் போடவே வேண்டாம். போட்டோவில் வீக்கம்தான் தெரியும்.

தையல்காரி, காவேரிப்பட்டணம்

எல்லோருக்கும் நன்றி. திங்கட்கிழமை பல் டாக்டரிடம் போகிறேன், அப்படியே தர்மபுரி ஓபிக்கும் போகலாம் என்று இருக்கிறேன். நூல் கல்யாணம் முடிந்து பார்த்துக்கொள்ளலாம். ஒசூர்த் தங்கச்சி, உங்களுக்கு எத்தனை நூல் போட்டார்கள்? இங்கே என்னிடம் நூல் கணக்கில் காசு சொல்லியிருக்கிறார்கள்.